விளக்கைப் போட்டால் இறங்கும் பெட்ரோல் முள் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

திருநகரில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியர். கூரை இல்லாத இரண்டு சீட் கார் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. மூன்று மாதத்துக்கு முன்னால் கொச்சியில் ஒருவரிடம் பழைய கிட் கார் (பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கார்) ஒன்றை வாங்கி வந்தேன். ஃபைபர் பாடி, பைப் சேஸிஸ், கார்புரேட்டர் வைத்த பழைய என்ஜின். தெருவே வந்து பார்த்தது. ஆனால் இரவில் விளக்கைப் போட்டால் பெட்ரோல் முள் அரை டேங்கிலிருந்து காலுக்கு இறங்குகிறது. பிரேக்கை மிதித்தால் பின்னால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிகிறது. அழகர்கோவில் போய்த் திரும்பும்போது டீ குடிக்க நிறுத்தினால், மறுபடி ஸ்டார்ட் ஆக அரை மணி நேரம். முன்பக்கம் கடகட என்று ஒரு சத்தம் வேறு. எலக்ட்ரீஷியன் வயரிங் மொத்தத்தையும் உருவிவிட்டுப் புதிதாகப் போடச் சொல்கிறார். அப்பா, வந்த விலைக்குத் தள்ளிவிடு என்கிறார். தெரியாமல் வாங்கிவிட்டேனா?

– ஒரு வாசகர், திருநகர், மதுரை

அன்புள்ள தம்பிக்கு,

விற்க வேண்டாம். வயரிங்கை உருவவும் வேண்டாம். நீங்கள் எழுதிய நான்கு கோளாறில் முதல் இரண்டும் ஒரே கோளாறுதான் என்று நினைக்கிறேன். அதைச் சரிசெய்ய நல்ல வயர் ஒன்று போதும்.

இந்த வகைக் கார்களில் பேர்பெற்றது 1957இல் இங்கிலாந்தில் வந்த லோட்டஸ் செவன். முழுக் காராக வாங்கினால் அங்கே அப்போது விற்பனை வரி உண்டு, பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் கிடையாது. அதனால் சாதாரணச் சம்பளக்காரர்களும் வாங்கினார்கள். 1973இல் வரி முறை மாறியபோது அந்தச் சலுகை போய்விட்டது, ஆனால் செய்முறை நின்றுவிடவில்லை. என்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் எல்லாம் ஏதோ ஒரு கம்பெனிக் காரிலிருந்து வரும். அவை ஏற்கெனவே ஆயிரக்கணக்கான கார்களில் ஓடித் தேறியவை. கிட் காரில் புதிதாக ஒருவர் தன் கையால் செய்வது அவற்றை ஒன்றோடு ஒன்று சேர்க்கும் இடங்களைத்தான். எனவே கோளாறையும் அங்கேதான் தேட வேண்டும். பாகத்தை மாற்றிக்கொண்டே போனால் காசு கரையுமே தவிர, கார் அப்படியேதான் இருக்கும்.

விளக்குக்கு வருவோம். தகர பாடி உள்ள காரில் பேட்டரியின் நெகட்டிவ் பாடியிலேயே பூட்டியிருக்கும். எந்த விளக்குக்கும் ஒரு வயர் போனால் போதும், கரண்ட் பாடி வழியாகவே திரும்பிவிடும். ஃபைபரில் கரண்ட் ஓடாது. ஒவ்வொரு விளக்குக்கும் திரும்பி வரத் தனியாக ஒரு எர்த் வயர் வேண்டும். உங்கள் காரைச் செய்தவர் பின் விளக்குகள், பிரேக் லைட், இண்டிகேட்டர், பெட்ரோல் அளவை முள்ளுக்குச் சொல்லும் டேங்க் மிதவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வயர் கொடுத்து, அதை சேஸிஸில் ஒரு போல்ட்டில் பூட்டியிருப்பார். அந்த போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டோ துருவோ இருக்கும். விளக்கைப் போட்டதும் அதன் கரண்ட் திரும்ப வழியில்லாமல் அங்கே முட்டுகிறது. மிதவையின் கரண்ட்டும் அதே வழியில் போக வேண்டியிருப்பதால் குறைகிறது, முள் இறங்குகிறது. பிரேக்கை மிதித்தால் அந்தக் கரண்ட் பக்கத்து பல்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது, அதனால் இண்டிகேட்டர் மினுங்குகிறது. டேங்கில் பெட்ரோல் அப்படியேதான் இருக்கிறது.

சோதிப்பது சுலபம். நீளமான வயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையைப் பின் விளக்கின் எர்த்திலும் வைத்துப் பிடியுங்கள். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள், அப்பாவே மிதிக்கட்டும். மினுக்கல் நின்றால் நோய் அதுதான். அப்புறம் 2.5 சதுர மில்லிமீட்டர் கறுப்பு வயரை நிரந்தரமாக இழுத்து, முனையில் லக் (போல்ட் நுழையும் ஓட்டையுள்ள உலோக முனை) வைத்து நெருக்கிப் பூட்டுங்கள். சேஸிஸில் பூட்டுவதானால் பெயின்ட்டை இரும்பு பளபளக்கும் வரை சுரண்டிவிட்டு, பூட்டியபின் மேலே வாசலின் தடவுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் விளக்கு எரியும்போது அந்த எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 0.1 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் இன்னும் சரியாகவில்லை. உங்கள் எலக்ட்ரீஷியன்மேல் எனக்குக் குறை இல்லை. வாழ்நாள் முழுக்கத் தகர பாடியில் வேலை பார்த்தவருக்கு எர்த் தானாகவே இருக்கும் ஒன்று. இதை அவரிடமே காட்டுங்கள், அடுத்த வேலைக்கு அவர்தான் உங்களுக்கு வேண்டும்.

டீக்கடையில் நடப்பது சூட்டுக் கோளாறு. வண்டி ஓடும்போது காற்றும் ரேடியேட்டர் தண்ணீரும் சூட்டை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும், என்ஜின் சூடு முழுக்கச் சின்ன பானெட்டுக்குள் அடைபடும். பெட்ரோலின் லேசான பகுதி 40 டிகிரிக்குள்ளேயே ஆவியாகத் தொடங்கிவிடும். மதுரை வெயிலில் பானெட்டுக்குள் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆவி பைப்பில் அடைத்துக்கொண்டால் என்ஜினுக்குப் பெட்ரோல் போகாது, ஆறும்வரை ஸ்டார்ட் ஆகாது. பெட்ரோல் பைப் சைலன்சர் பைப்புக்குப் பக்கத்தில் போகிறதா என்று பாருங்கள். போனால் விலக்கிக் கட்டுங்கள், நடுவில் ஒரு அலுமினியத் தகடு வையுங்கள். நிறுத்தியதும் பானெட்டைத் திறந்து வைத்தாலே பாதி குறையும். ரப்பர் குழாய் பழையதாக இருந்தால் இப்போதே மாற்றுங்கள். இன்று பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, பழைய ரப்பர் அதில் ஊறி வெடித்துவிடும். E20 தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். ஃபைபர் தீப்பிடித்தால் நிற்காது. சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிலோ தீயணைப்பான் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

அந்தக் கடகட சத்தத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப்போட வேண்டாம். என் முதல் கிட் காரில் நான்கு நாள் அப்படி ஒரு சத்தம் கேட்டது. பானெட் கொக்கி என்று விட்டுவிட்டேன். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது வண்டி இடப்பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ் சஸ்பென்ஷன் ஆர்மில் நட்டைக் காணவில்லை, வெறும் போல்ட் துருத்திக்கொண்டு நின்றது. பக்கத்து சீட்டில் என் மகள் உட்கார்ந்திருக்க வேண்டிய பயணம் அது. காய்ச்சலால் அன்று வரவில்லை. இன்னும் அந்தக் கணவாயில் போகும்போது கை சில்லிடும். எனவே இன்றே சக்கர நட்டு, சஸ்பென்ஷன் ஆர்ம், ஸ்டியரிங் இணைப்பு, என்ஜின் மவுன்ட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சு (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து முறுக்கச் சொல்லுங்கள். நைலான் பூட்டு நட்டைக் கழற்றினால் பழையதையே போடாமல் புதிது போடுங்கள். முறுக்கிய ஒவ்வொரு நட்டின்மேலும் போல்ட்வரை ஒரு கோடு நகப்பூச்சு இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். 500 கிலோமீட்டர் ஓடியபின் எல்லாவற்றையும் இன்னொரு முறை பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. கேரள நம்பர் என்றால் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். ஆர்சியில் உள்ள என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் அப்பா சொல்வதைக் கேளுங்கள். வேறு எந்தக் காரணத்துக்காகவும் விற்க வேண்டாம்.

வயரைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மினுக்கல் நின்றதா என்று ஒரு வரி எழுதுங்கள். நிற்காவிட்டால் பின் விளக்குச் சட்டத்தைக் கழற்றி, உள்ளே எத்தனை வயர், என்னென்ன நிறம் என்று படம் எடுத்து அனுப்புங்கள். சேர்ந்து பார்ப்போம்.