ஷாம்பெயின் நிலவறைக்குக் குடும்பத்தோடு போகலாமா?

கேள்வி: பாரிஸில் இருக்கிறோம். புதுச்சேரியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். ஷாம்பெயின் நிலவறை ஒன்றைப் பார்க்க அப்பாவுக்கு ரொம்ப நாள் ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி, மதுவும் தொடமாட்டார். பையனுக்கு 9 வயது. எங்கே போகலாம்? ஊருக்குக் கொண்டுபோகும் பாட்டில்களை அங்கேயே வாங்கிவிடலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் பெரிய பெயரைப் பார்த்து டிக்கெட் எடுக்காமல், அம்மாவின் முழங்காலை மனதில் வைத்து எடுங்கள். ரான்ஸ் நகரில் பொம்மெரி என்ற ஷாம்பெயின் நிறுவனத்தின் நிலவறைக்கு 116 படிகள். இறங்கினால் ஏறவும் வேண்டுமே! ரோமானியர் காலத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்கள்தான் அங்கே நிலவறை. கண்கொள்ளாத இடம், ஆனால் உங்கள் அம்மாவுக்கு வேண்டாம். எப்பெர்னே நகரின் மெர்சியேவில் லிஃப்ட்டில் இறங்கி, சிறு ரயிலில் உட்கார்ந்தபடியே சுற்றிவரலாம். 1889 பாரிஸ் கண்காட்சிக்கு எருதுகள் இழுத்துச் சென்ற பிரமாண்டமான மரப்பீப்பாயும் அங்கேதான் இருக்கிறது. பையனுக்கு அது ஒன்றே போதும். ரயில் ஓடுகிறதா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே 10 முதல் 12 டிகிரிதான். எல்லோருக்கும் ஸ்வெட்டர் கட்டாயம்.

டிக்கெட்டில் பெரும்பாலும் ஒரு கோப்பை ஷாம்பெயினும் சேர்ந்திருக்கும். அம்மாவுக்கு அது இல்லாத டிக்கெட் உண்டா என்று கேளுங்கள், வேண்டாததற்கு ஏன் காசு? 18 வயதுக்குக் கீழ் யாருக்கும் ஊற்றமாட்டார்கள். குடிக்காதவருக்கும் பார்க்க நிறைய உண்டு. பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, குறைந்தது 15 மாதம் உறங்கிய பிறகுதான் ஷாம்பெயின் வெளியே வருகிறது. அடியில் தங்கும் வண்டலைக் கழுத்துப் பக்கம் சேர்த்து, உறையவைத்து, மூடியைத் திறந்ததும் உள்ளழுத்தமே அதை வெளியே தள்ளும். இதை விளக்கும்போது பையனை முன்னால் நிறுத்துங்கள்.

சரி, வாங்குவது. நிலவறைக் கடை என்பதால் மலிவாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். பிரபல பிராண்டுகள் சூப்பர் மார்க்கெட்டில், அதுவும் செப்டம்பர் ஒயின் விற்பனையின்போதும் கிறிஸ்துமஸுக்கு முன்பும், பல சமயம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வெளியே கிடைக்காததை மட்டும் அங்கே வாங்குங்கள். லேபிளில் பொடி எழுத்தில் ‘ஆர்.எம்.’ என்றிருந்தால், சொந்தத் திராட்சையில் விவசாயியே தயாரித்தது. எனக்குப் பிடித்தவை அவைதான். அப்பாவுக்கு இனிப்பு பிடிக்குமென்றால் ‘புருட்’ வேண்டாம், ‘டெமி செக்’ கேளுங்கள்.

இந்தியாவுக்குள் பெரியவர் ஒருவர் 2 லிட்டர் வரை தீர்வையின்றிக் கொண்டுபோகலாம். அதாவது 750 மில்லி பாட்டில் ஆளுக்கு இரண்டு. அம்மா குடிக்காவிட்டாலும் அவர் பங்கு அவருக்கு உண்டு. துணியில் சுற்றி, செக்-இன் பெட்டியில் வையுங்கள். ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியைத் திரும்பப் பெறவும் வழி இருக்கிறது. பிரான்ஸில் வசிக்கும் உங்களுக்கு அது கிடையாது. பில் அப்பா பெயரில், அவருடைய பாஸ்போர்ட்டைக் காட்டிப் போடப்பட வேண்டும். வரியைத் திரும்பப் பெறக் கடையில் தரும் படிவத்தை விமான நிலையத்தில், பெட்டியை ஒப்படைக்கும் முன்பே பதிவுசெய்துவிடுங்கள்.