பழைய சாமான், புதிய விருந்தாளி: கேள்வி பதில்

காரைக்குடிப் பக்கம் ஐந்து அறைகளோடு ஒரு விருந்தினர் இல்லம் நடத்துகிறேன். மெத்தை, தலையணை, மின்விசிறி தவிர மற்ற எல்லாமே யாரோ புழங்கிய சாமான்தான். அது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

ஏற்காட்டில் மூன்று அறை ஹோம்ஸ்டே தொடங்கப் போகிறேன் அண்ணா. முதலில் எந்தக் கடைக்குப் போகட்டும்?

கடை அப்புறம். முதலில் ஒரு நல்ல ஆசாரியைப் பிடியுங்கள் தம்பி. அவரால் சரி செய்ய முடிகிற சாமானைத்தான் நாம் வாங்க முடியும். கால் ஆடும் நாற்காலியைக் கடைக்காரர் ஒரு விலை சொல்வார், அதை நிமிர்த்த ஆசாரி வேறு விலை சொல்வார். இரண்டையும் கூட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு ஒருமுறை வாருங்கள். பர்மா தேக்கு, எனாமல் தூக்கு, பழைய கண்ணாடி எல்லாம் பார்த்தால் கண் பழகும். வாங்குவதைச் சேலத்துப் பழைய மரக்கடைகளிலும் காயலான் கடைகளிலும் வாங்குங்கள். அவ்வளவு தூரம் லாரி வைத்து ஏற்றிப் போனால் மிச்சம் பிடித்ததற்கு அர்த்தமில்லை.

கும்பகோணத்தில் தாத்தா காலத்துக் கட்டில் இரண்டு இருக்கிறது. கடை மெத்தை எதுவும் பொருந்தவில்லை. கட்டிலை அறுக்கலாமா?

வேண்டாம் அக்கா, மெத்தையைத்தான் கட்டிலுக்குத் தைக்க வேண்டும். அளவு கொடுத்தால் இலவம்பஞ்சில் தைத்துத் தருவார்கள். உங்கள் வீட்டுப் பழைய மெத்தையின் பஞ்சை அடித்துப் புது உறை போட்டும் தைக்கலாம். ஆனால் ஊர்பேர் தெரியாத மெத்தையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மூட்டைப்பூச்சி ஒரு வாய் ரத்தம் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெளியிலிருந்து கட்டில் வந்தாலும் அறைக்குள் வைக்கும் முன் இணைப்புகளைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள்.

வாங்கிய அலமாரியில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள். உளுத்துவிட்டதா?

ஓட்டை பழையதாகவும் இருக்கலாம். உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறதா என்பதுதான் விஷயம். அலமாரியின் கீழே கறுப்புத் துணி விரித்து ஒரு வாரம் விடுங்கள். கோதுமை மாவு போல மெல்லிய தூள் விழுந்திருந்தால் உள்ளே வேலை நடக்கிறது.

இந்தப் பாடத்தை நான் ஒரு பெஞ்சில் படித்தேன். பலாமரம், அழகான நிறம், பார்த்தவுடன் வாங்கிவிட்டேன். இரண்டு மாதத்தில் அடியில் தூள் கொட்டிக் கிடந்தது. பக்கத்தில் இருந்த வேப்பமர ஸ்டூலையும் சேர்த்துத் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எது வந்தாலும் ஒரு மாதம் திண்ணையில்தான் இருக்கும்.

தூள் விழுந்தால், பாலிஷைச் சுரண்டி மரத்தை வெறுமையாக்குங்கள். போரிக் அமிலம் ஒரு பங்கு, வெங்காரம் (போராக்ஸ்) ஒன்றரைப் பங்கு எடுத்து வெந்நீரில் கரைத்து, காயக் காய இரண்டு மூன்று முறை பூசுங்கள். ஓட்டைக்குள் ஊசி போட்டுச் செலுத்துங்கள். பாலிஷ் மேல் பூசினால் மருந்து உள்ளே இறங்காது. நன்றாகக் காய்ந்த பிறகு அரக்கு பாலிஷ் போடலாம்.

இடித்த வீட்டுக் கதவை மேசையாக்கும் ஆசை. பச்சைப் பெயிண்ட் உரிந்து நிற்கிறது, அதுவே அழகாக இருக்கிறது.

அழகுதான், ஆனால் ஜாக்கிரதை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, தாண்டக் கூடாது என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தூள் காற்றில் பறக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, முகமூடி போட்டு, குழந்தைகள் வராத இடத்தில் செய்யுங்கள். உரியும் துண்டுகளை எடுத்துவிட்டு மேலே தெளிந்த வார்னிஷ் பூசி அடைத்துவிடுங்கள். மேலே போடும் கண்ணாடி டஃபன்ட் கண்ணாடியாக (எளிதில் உடையாதபடி சூடேற்றி உறுதியாக்கியது) இருக்கட்டும்.

இன்னொன்று: இடிந்த வீட்டுக் கதவை வாங்குங்கள். நிற்கும் வீட்டைப் பிரித்து விற்கத் தரகர் வந்தால் வாங்காதீர்கள். நாம் கேட்கக் கேட்கத்தான் தூண்கள் கழற்றப்படுகின்றன. எங்கள் பக்கத்துத் தெருவில் நிலை பெயர்த்த வீட்டுச் சுவரைத் தினமும் பார்க்கிறேன், மனது கேட்கவில்லை.

தரையில் பதிக்கும் பழைய ஆத்தங்குடிக் கல் கிடைக்குமா?

பெயர்க்கும்போது பாதி உடைந்துவிடும். புதிதாகவே வாங்குங்கள். அது சூளையில் சுடாத கல், ஊர் மண்ணும் சிமெண்டும் சேர்த்துக் கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துச் செய்கிறார்கள். கைவேலைக்காரருக்கும் கூலி போகும்.

செகண்ட் ஹேண்ட் ஃபிரிட்ஜ், பழைய ஃபேன்?

வேண்டாம். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், மின்சாரம் மிச்சம் பிடிக்கும் புதுவகை மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சுமாரில் ஓடும். ஒரு சாமான் ஓட ஓட மின்சாரம் தின்னும் என்றால் அதைப் புதிதாக வாங்குவதுதான் மிச்சம்.

தந்தப் பெட்டி, பழைய சாமி சிலை?

கையை வைக்காதீர்கள். தந்தம் வாங்குவதும் விற்பதும் குற்றம். 100 வருடம் தாண்டிய சிலைகளுக்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் பதிவு வேண்டும். எந்தக் கோவிலில் இருந்து வந்ததோ என்ற கவலையும் நமக்கு வேண்டாம்.

பழைய சாமான் என்று விருந்தாளி முகம் சுளிக்க மாட்டாரா அண்ணா?

பழசு யாரையும் உறுத்தாது, சிக்கிக்கொள்ளும் இழுப்பறைதான் உறுத்தும். இரவு பதினொரு மணிக்கு அதை இழுக்க அவர் பாடுபடக் கூடாது. இழுப்பறையைக் கழற்றி, அடியில் ஓடும் கட்டையில் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேயுங்கள். மறுபடி மாட்டி, ஒரு விரலால் இழுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் இன்னொரு முறை தேயுங்கள்.