தட்டைப்பயறில் பச்சைப் புழு

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் அரை ஏக்கரில் தட்டைப்பயறு போட்டிருக்கிறேன். பூக்கும் பருவம். கொழுந்திலும் பூங்காம்பிலும் கறுப்பாக, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடக்கிறது. அதற்குள் பச்சையாக ஒரு புழுவும் நெளிகிறது (படம் அனுப்பியுள்ளேன்). காய்ப்புழு என்று சொல்லி, இமிடாகுளோபிரிட்டோடு இன்னொரு மருந்தையும் கலந்து அடிக்கச் சொன்னார் கடைக்காரர். வரப்பில்கூட களைக்கொல்லி அடித்துச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். மருந்தைக் காலையில் அடிக்கவா, மாலையிலா ஐயா?

பதில்: இரண்டு வேளையும் வேண்டாம் தம்பி. பாட்டிலைத் திறக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படத்தில் இருக்கும் புழுவுக்குக் காலே இல்லை. முன்பக்கம் கூம்பி, முதுகில் வெள்ளைக் கோடு ஓடுகிறது. காய்ப்புழுவுக்குக் கால் உண்டு. அது பூவையும் காயையும் குடையும். உங்களிடம் இருப்பது சிர்பிட் ஈயின் புழு. பயறுகளில் அடிக்கடி வரும் இனம் இஸ்கியோடான் ஸ்குட்டெல்லாரிஸ். கண் தெரியாது, தலைப்பக்கத்தை வீசித் தடவும். அசுவினி தட்டுப்பட்டால் தூக்கிப் பிடித்து உறிஞ்சி, வெறும் தோலைப் போட்டுவிடும். கூட்டுப்புழு ஆவதற்குள் சில நூறு அசுவினியைத் தீர்த்துவிடும். நம்பிக்கை இல்லையா? புழுவை, அசுவினி உள்ள கொழுந்தோடு ஒரு புட்டியில் போட்டு, துணியால் வாயைக் கட்டி, ராத்திரி வைத்துப் பாருங்கள். புழுவைப் புரட்டிப் பார்க்க நேரமில்லாத கடைக்காரருக்கு இரண்டு மருந்தைத் தலையில் கட்ட மட்டும் நேரம் இருக்கிறது! அதை அடித்தால் முதலில் சாவது இந்தப் புழு. தப்பிய அசுவினி ஆண் துணை இல்லாமலே குட்டி போட்டுத் திரும்பப் பெருகும்.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: செடி கறுக்கும்வரை இந்த ஈ ஏன் வரவில்லை? உங்கள் சுத்தமான வரப்புதான் காரணம் என்பேன். தாய் ஈ அசுவினியைத் தின்னாது. மஞ்சளும் கறுப்புமாக, நூலில் கட்டித் தொங்கவிட்டதுபோல் அந்தரத்தில் நிற்குமே, அதுதான். கொட்டாது. அதற்குத் தேனும் மகரந்தமும் வேண்டும். மகரந்தம் இல்லாவிட்டால் முட்டை முதிராது. பயறு பூக்கும்வரை உங்கள் காட்டில் அதற்கு என்ன இருந்தது? தும்பையையும் கிணற்றடிப்பூண்டையும் கருக்கிவிட்டீர்கள். வரப்புக்குக் களைக்கொல்லி அடிப்பதை நான் எந்தப் பயிருக்கும் ஒப்ப மாட்டேன். ஆள் கூலி மிச்சம் என்பார்கள். அந்த மிச்சம் அப்படியே மருந்துக்கடைக்குப் போகிறது. அடுத்த போகத்தில், பயறுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே வரப்போரம் கொத்தமல்லி தூவுங்கள். பதினைந்து நாள் கழித்து இன்னொரு தூவல். தழைக்குப் பறிக்காமல் பூக்க விடுங்கள். வீட்டில் சட்னிக்குக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இப்போதைக்கு, புழு இல்லாமல் அசுவினி மட்டும் அப்பிய கொழுந்தைக் கிள்ளி அழியுங்கள். தேமல் விழுந்த செடியைப் பிடுங்கிவிடுங்கள்; தேமலை உண்டாக்கும் நச்சுயிரியை அசுவினிதான் பரப்பும். எறும்பு ஏறுகிறதா பாருங்கள், அசுவினியின் இனிப்புக் கழிவுக்காக அது புழுவை விரட்டும். அப்புறம், யூரியா போட்டீர்களா என்று எழுதவில்லை. போட்டிருந்தால் நிறுத்துங்கள். கொழுந்து இளசாக இருந்தால் அசுவினிக்குக் கொண்டாட்டம்.