சமையலறைக் கேள்வி பதில்: ஸ்கோனுக்குப் புட்டுக் கை வேண்டும்

தேநீரோடு சாப்பிடும், ஈஸ்ட் போடாத சின்னப் பணிஸ் போன்ற பலகாரம் ஸ்கோன். சென்ற இதழில் பழ ஸ்கோன் பற்றி நான் எழுதியது நான்கே வரிகள். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் வீட்டுக்கு வீடு யாரோ ஒருவர் ஸ்கோனுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிகிறது. மனைப்பொருளியல் படிப்பித்த காலத்திலும் பிள்ளைகள் அதிகம் கண்கலங்கியது இந்தப் பாடத்தில்தான். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் ஸ்கோனுக்கே.

தெஹிவளை வாசகி: ரீச்சர், அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு, மேலே சீனிப் பூச்சு மினுங்கும் பழ ஸ்கோன் செய்ய ஆசைப்பட்டேன். பட்டரை முதலே வெளியில் எடுத்து வைத்து இளகவிட்டேன். மாவைப் பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்தேன். வெளியே வந்தது கல். உயரவே இல்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டார். எங்கே பிழை விட்டேன்?

மகள், அப்பா தோய்த்துச் சாப்பிட்டார் என்று வாசித்ததும் உங்களுக்கு முதலில் பதில் எழுத வேண்டும் என்று எடுத்து வைத்தேன். “நன்றாகப் பிசைந்தேன்” என்று எழுதியிருக்கிறீர்களே, பிழை அங்கேதான். கோதுமை மாவில் ஈரம் பட்டுப் பிசையப் பிசைய அதிலுள்ள புரதம் இழுவையாகிறது. குளுட்டன் என்பது அதுதான். றொட்டிக்கு அந்த இழுவை வேண்டும். ஸ்கோனை அது மேலே எழும்பவிடாது, இறுக்கிப் பிடித்துவிடும்.

உங்களிடம் இன்னொரு கை இருக்கிறது. புட்டுக்கு மாக் குழைக்கும்போது என்ன செய்கிறோம்? அழுத்துவதில்லை. விரல் நுனியால் உதிர்த்து, பேணி விளிம்பால் கொத்திக் கொத்தி, மணி மணியாக வரும்போது நிறுத்திவிடுகிறோம். கட்டியானால் புட்டு அவியாது என்று கைக்குத் தெரியும். ஸ்கோனுக்கும் அதே கைதான். றொட்டிக் கையை அன்றைக்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள்.

அளவைச் சொல்கிறேன். கோதுமை மா 250 கிராம், பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி மட்டமாக, சீனி 40 கிராம், பட்டர் 60 கிராம், சுல்தானா (விதையில்லாத உலர்ந்த திராட்சை) 75 கிராம். ஒரு முட்டையை அடித்து, அதன்மேல் குளிர்ந்த பாலை ஊற்றி மொத்தம் 150 மில்லிலீற்றராக்குங்கள். பட்டர் உப்பில்லாததென்றால் கால் தேக்கரண்டி உப்பு. எட்டு ஸ்கோன் வரும்.

பட்டரை இளகவிட்டது இரண்டாவது பிழை. பட்டர் 32 முதல் 35 பாகை செல்சியஸுக்குள் உருகிவிடும். வெள்ளவத்தையில் என் குசினி மத்தியானத்தில் 31ஐச் சாதாரணமாகத் தொடும். விரலின் சூடும் சேர்ந்தால் நிமிடத்தில் எண்ணெய்தான். மாவுக்குள் பட்டர் சின்னச் சின்னத் துண்டாக, குளிராக இருக்க வேண்டும். சூட்டில் அது உருகும்போது விட்டுப்போகும் இடைவெளிதான் ஸ்கோனின் ஏடுகள். அதனால் காலை ஆறு மணிக்குச் செய்யுங்கள். மாவையும் பாத்திரத்தையும் அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பட்டரைக் கல்லாக உறையவைத்து, தேங்காய்ச் சொட்டைத் துருவுவதுபோல் கரட் துருவியில் மாவின் மேலேயே துருவிவிடுங்கள். எங்கள் வெக்கைக்கு இதைவிட நல்ல வழியை நான் காணவில்லை.

பிறகு விரல் நுனிகளால் மாவை அள்ளி, பெருவிரலால் தேய்த்துத் தேய்த்து உதிரவிடுங்கள். உள்ளங்கை படக்கூடாது. பாண் தூள் போலவும் இடையிடையே பயறளவு பட்டர் மணியாகவும் தெரிந்தால் போதும். சீனியும் பழமும் சேருங்கள். நடுவில் குழி பறித்து, பாற்கலவையில் இரண்டு மேசைக்கரண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு மீதியை ஊற்றுங்கள். மழைக்காலத்தில் மா ஏற்கெனவே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அந்த இரண்டு கரண்டி தேவைப்படாமலே போகலாம். மழுங்கல் கத்தியால் கிளறுங்கள். அங்குமிங்கும் காய்ந்த மா தெரியும்போதே பலகையில் கொட்டி, இரண்டு முறை மடித்து, ஓரங்குலத் தடிப்புக்குக் கையால் தட்டி விடுங்கள். பார்வைக்குக் கரடுமுரடாக இருக்கும். மினுக்க வேண்டாம். அப்படியே கால் மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும்.

வெட்டும் அச்சை நேரே இறக்கி நேரே எடுக்க வேண்டும், திருகக்கூடாது. திருகினால் ஓரம் ஒட்டி, ஸ்கோன் ஒரு பக்கம் சாய்ந்து எழும்பும். கிளாஸின் விளிம்பு மழுங்கல், அது வெட்டாது, நசுக்கும். அச்சு இல்லையென்றால் கூரிய கத்தியால் சதுரமாக வெட்டுங்கள். துண்டு மா மிஞ்சாது, மறுபடி பிசைய வேண்டியும் வராது. தட்டில் ஒன்றுக்கொன்று விரலிடை நெருக்கமாக வையுங்கள், பக்கத்திலுள்ளதைத் தாங்கிக்கொண்டு மேலே எழும்பும். 220 பாகையில் 12 முதல் 14 நிமிடம். மேசையில் வைக்கும் சின்ன அவணென்றால் இருபது நிமிடமாவது முன்கூட்டியே சூடாக்குங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் எழும்பாவிட்டால் பேக்கிங் பவுடரைச் சந்தேகியுங்கள். அரைத் தேக்கரண்டியைச் சுடுதண்ணீரில் போட்டால் சுறுசுறுவென்று நுரைக்க வேண்டும். பேசாமல் கரைந்து போனால் அந்த டப்பாவை எறிந்துவிடலாம்.

அப்பாவுக்கு இன்னொரு முறை செய்து கொடுங்கள். அடுத்த பிறந்தநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

வத்தளை வாசகர்: ரீச்சர், என் ஸ்கோனில் மேலே இருக்கும் பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை) கரிந்து கசக்கிறது. உள்ளே இருப்பது தோல்போல் இருக்கிறது. பழம் கீழே இறங்காமலிருக்க மாவில் புரட்டவும் வேண்டுமா?

தம்பி, கேக்குக்குத்தான் அந்தப் பயம். ஸ்கோன் மா தடிப்பு, பழம் போட்ட இடத்திலேயே இருக்கும். பழத்துக்குத் தாகம் தீர்க்க வேண்டும், அவ்வளவுதான். காய்ந்த பழம் மாவிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சாயம் ஏறிய சூடான பிளேன்ரீயில் கால் மணி நேரம் ஊறவிட்டு, வடித்து, துணியில் பரப்பி நன்றாக ஒற்றி எடுங்கள். முழுதாக ஆறிய பின்பே மாவில் சேர்க்க வேண்டும். சூடாகப் போட்டால் பட்டர் உருகிவிடும்.

வெட்டிய பின் மேலே தலைகாட்டும் பிளம்ஸைக் கிள்ளியெடுத்து அடிப்பக்கத்தில் பொதித்துவிடுங்கள். பழத்தின் சீனிதான் கரிகிறது.

ஒன்று சொல்ல ஆசை. சுல்தானாவோடு நின்றுவிடாதீர்கள். கிறிஸ்மஸ் கேக்குக்கு வாங்கும் பூசணித் தோசி, பாகிலிட்ட இஞ்சி, கொஞ்சம் கஜு எல்லாம் சின்னதாக நறுக்கிச் சேர்த்தால் இந்த ஊர் ஸ்கோன் ஆகிவிடும். டிசம்பருக்குப் புறக்கோட்டையில் வாங்கி மிஞ்சியதை நான் மார்ச் மாதம்வரை இப்படித்தான் தீர்ப்பேன். அன்னாசி என்றால் பச்சையாகப் போடாதீர்கள். சீனியுடன் அடுப்பில் வைத்து நீர் வற்றும்வரை கிளறி, ஆறவிட்டுப் போடுங்கள்.

கொட்டாஞ்சேனை வாசகி: அக்கா, நாங்கள் சைவம், முட்டை தொடுவதில்லை. முட்டை பூசாமல் மினுக்கம் வருமா? போன வாரம் ஐசிங் சீனியில் செய்த பூச்சு பின்னேரமாகும் முன்பே பிசுபிசுத்து, பெட்டியில் ஒட்டிக்கொண்டது.

மினுக்கம் இரண்டு வகை, தங்கச்சி. அவணுக்குப் போகுமுன் பூசுவது ஒன்று, வெளியே வந்த பின் பூசுவது இன்னொன்று. பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் வகைக்கு முட்டை மஞ்சட்கரு வழக்கம். உங்கள் வீட்டில் பாலில் ஒரு சிட்டிகை சீனி கரைத்துப் பூசுங்கள். மஞ்சட்கருவின் பளபளப்பு வராது, ஆனால் இளம் பொன்னிறம் நிச்சயமாக வரும். மாவுக்கும் முட்டை வேண்டாம், 150 மில்லிலீற்றரும் பாலாகவோ புளித்த மோராகவோ இருக்கலாம். எதைப் பூசினாலும் மேற்பரப்பில் மட்டும் பூசுங்கள். ஓரத்தில் வழிந்தால் ஏடுகளை ஒட்டிப் பிடித்துவிடும், அந்தப் பக்கம் எழும்பாது.

இரண்டாவது வகையில் எனக்குப் பிடித்தது பணிஸ் மினுக்கம். இரண்டு மேசைக்கரண்டி சீனியும் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரும் ஒரு கொதி வரட்டும். ஸ்கோன் வெளியே வந்த கையோடு தூரிகையால் மேலே தடவுங்கள். சீறிக்கொண்டு உள்ளே இறங்கி, மேலே கண்ணாடிபோல் ஒரு படலம் நிற்கும். சீனிக்குப் பதில் கித்துள் பாணி தடவினால் மணமே வேறு.

நீங்கள் செய்த வெள்ளைப் பூச்சுக்கு ஐசிங் சீனி 100 கிராமும் தேசிக்காய்ப் புளி மூன்று நான்கு தேக்கரண்டியும் போதும். கரண்டியால் தூக்கி ஊற்றினால் அந்தக் கோடு பத்து எண்ணும்வரை மறையாமல் நிற்க வேண்டும். உடனே மறைந்தால் தண்ணி, இன்னும் சீனி போடுங்கள். ஸ்கோன் கன்னத்தில் வைத்தால் பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது ஊற்றுங்கள். அதற்கு முன் ஊற்றினால் உருகி ஓடிவிடும்.

பிசுபிசுத்ததற்குக் காரணம் காற்றும் பெட்டியும்தான். சீனி ஈரத்தை இழுக்கும், கொழும்புக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கடலுக்கு நேரே ஜன்னல் உள்ள என் வீட்டில் இன்னும் மோசம். நானும் இதில் அடிபட்டிருக்கிறேன். பாடசாலையில் உடன் படிப்பித்த ஒருவரின் பிரியாவிடைத் தேநீருக்கு நாற்பது ஸ்கோன் சுட்டு, பூச்சு ஊற்றி, நேரமில்லையென்று வெதுவெதுப்பாகவே பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். திறந்தபோது மூடியின் உட்பக்கம் முழுவதும் வியர்த்திருந்தது, பூச்சு பாலாகி அடியில் தேங்கியிருந்தது. அவருக்கு என் கையால் செய்து கொடுக்க வேண்டும் என்று இரவெல்லாம் விழித்துச் செய்தவை. இன்றைக்கும் நினைத்தால் மனம் கனக்கிறது. அன்றிலிருந்து வெறும் ஸ்கோனைக் கடதாசி விரித்த தட்டில் கொண்டுபோகிறேன், பூச்சைப் போத்தலில் தனியாகக் கொண்டுபோகிறேன். பரிமாற அரை மணி நேரம் முன்பு ஊற்றி, மின்விசிறியின் கீழ் வைத்தால் காய்ந்துவிடும்.

பம்பலப்பிட்டி வாசகி: வாடகை அறையில் இருக்கிறேன் ரீச்சர். ஒற்றை காஸ் அடுப்பும் தோசைக்கல்லும்தான் உண்டு. ஸ்கோனை மறந்துவிட வேண்டியதுதானா?

ஏன் மறக்க வேண்டும்? ஸ்கோன் பிறந்ததே கல்லில்தான். ஸ்கொட்லாந்தில் 1513 ஆம் ஆண்டின் எழுத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது. அந்த நாளில் அதை அடுப்பின் மேல் இரும்புக் கல்லில் போட்டுத்தான் சுட்டார்கள். அல்பிரட் பேர்ட் என்ற ஆங்கிலேயர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக 1843 இல் பேக்கிங் பவுடரை உருவாக்கினார். இன்று நாம் காணும் உயரமான ஸ்கோன் அதற்குப் பிறகு வந்தது.

மேலே சொன்ன அளவில் பாதி எடுங்கள். மாவை அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய தடிப்பில் வட்டமாகத் தட்டி, சிலுவையாக நான்காக வெட்டுங்கள். பழத்தைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள், முழுப் பழம் இரும்பில் பட்டால் கரியும். கல்லில் எண்ணெய் வேண்டாம், கொஞ்சம் மா தூவினால் போதும். அந்த மா மெல்ல நிறம் மாறினால் சூடு சரி. தணலைக் குறைத்து, மூடி வைத்து, பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம். நறுக்கிய ஓரங்களையும் கல்லில் ஒருமுறை நிறுத்திக் காட்டுங்கள். இறக்கியவுடன் பாணியைத் தடவுங்கள்.

மட்டக்குளி வாசகர்: முதலில் ஜாமா, கிறீமா?

இங்கிலாந்தில் டெவன்காரர் கிறீமை முதலில் பூசுவார்கள், கோர்ண்வோல்காரர் ஜாமை முதலில் பூசுவார்கள். மேலே சீனிப் பூச்சு உள்ள ஸ்கோனுக்கு இரண்டுமே அதிகம். பூச்சில்லாததற்கு எங்கள் வீட்டில் விளாம்பழ ஜாமும் பட்டரும் பூசுவோம். பட்டர்தான் முதலில்.

வெள்ளவத்தை வாசகி: மகனும் மருமகளும் லண்டனிலிருந்து வருகிறார்கள். விமானம் நள்ளிரவில். விடிந்ததும் சுடச்சுட ஸ்கோன் கொடுக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் விமான நிலையம் போய் வந்து மாக் குழைக்க என்னால் முடியாது ரீச்சர்.

அக்கா, நீங்கள் குழைக்க வேண்டாம். இரண்டு நாள் முன்பே செய்து, வெட்டி, தட்டில் இடைவெளி விட்டு உறைநிலைப் பெட்டியில் வையுங்கள். கல்லானதும் உறையில் போட்டுக் கட்டிவிடலாம். இளகவிடாமல் அப்படியே அவணுக்குள் வைக்க வேண்டும், நான்கு நிமிடம் கூடுதலாக எடுக்கும். ஒன்றை முதலே சுட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் அவணின் நேரம் தெரிந்துவிடும். பேக்கிங் பவுடர் இரண்டு நாளில் சாகாது, பயப்படாதீர்கள்.

காலையில் அவர்கள் அறைக்குள் நடமாடும் சத்தம் கேட்டதும் அவணைப் போடுங்கள். லண்டன் கடைக்கு ஈடாகுமா என்று நினைக்க வேண்டாம். தேசிக்காய்ப் பூச்சைக் கலந்து, காயாமலிருக்க ஈரத்துணியால் மூடி வையுங்கள். அதை மருமகள் கையில் கொடுத்து ஊற்றச் சொல்லுங்கள்.