நுனி வளையாத இறக்கை

வணக்கம் சார்,
சென்னையிலிருந்து துபாய்க்கு போயிங் 777-300இஆர் விமானத்தில் போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் இறக்கை நுனி கூராகப் பின்பக்கம் சரிந்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளூரில் ஓடும் ஏர்பஸ் 320-இல் நுனி மேலே வளைந்து நிற்கிறதே! எரிபொருள் மிச்சம் என்கிறார்கள். இவ்வளவு பெரிய விமானத்துக்கு ஏன் வைக்கவில்லை? பழைய தொழில்நுட்பமா?
ர.

அன்புள்ள ர.,

பழசெல்லாம் இல்லை. அந்தச் சரிந்த நுனி செய்வதும் அதே வேலைதான்.

பறக்கும்போது இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. நுனியில் தடுக்க ஆளில்லாததால் கீழ்க்காற்று சுற்றிக்கொண்டு மேலேறி, சுழலாகிப் பின்னால் நீள்கிறது. அந்தச் சுழலுக்கான சக்தியையும் என்ஜின்தான் கொடுத்தாக வேண்டும்.

இதற்கு நேரடி மருந்து, இறக்கையை நீட்டுவது. நீட்டினால் அடிப்பகுதியில் வளைவிசை ஏறும், எடை கூடும். அப்புறம் விமான நிலையத்தில் இடம் வேண்டும். 320 நிற்கும் வகை நிறுத்துமிடத்துக்கு இறக்கை அகலம் 36 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஷார்க்லெட் (நீங்கள் பார்த்த வளைந்த நுனிக்கு ஏர்பஸ் வைத்த பெயர்) வைத்த 320-க்கு 35.8! பக்கவாட்டில் போக வழியில்லை, மேலே போனார்கள்.

நுனியில் தகடு வைக்கும் யோசனை பழையது. பிரிட்டிஷ் பொறியாளர் லான்செஸ்டர் 1897-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் வெறும் தகடு தானே காற்றை எதிர்த்து, கிடைத்த லாபத்தைத் தின்றுவிடும். நாசாவின் ரிச்சர்ட் விட்கோம்ப் 1970-களில் அதையே ஒரு குட்டி இறக்கையாக, அதாவது விங்லெட்டாக, வடிவமைத்தார். சுழன்று வரும் காற்று அதன்மேல் சாய்வாகப் படுவதால், அதில் பிறக்கும் விசையில் ஒரு பங்கு விமானத்தை முன்னால் தள்ளுகிறது. பாய்மரப் படகு பக்கக் காற்றில் முன்னேறுவது மாதிரி. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்: வீணாகும் காற்றிலிருந்தே கொஞ்சம் திரும்ப வாங்கிவிடுகிறார்.

உங்கள் 777-க்கு வருவோம். முதலில் வந்த 777-களின் அகலம் சுமார் 61 மீட்டர். அந்த வகைக்கு எல்லை 65. இடம் இருந்தது, உங்கள் 300இஆரில் அந்தச் சரிந்த நுனியை வைத்து 64.8 வரை நீட்டிவிட்டார்கள். அடுத்து வரும் 777எக்ஸ் கிட்டத்தட்ட 72 மீட்டர். தரையில் நுனியை மடித்துக்கொள்ளும்.

ஜப்பானின் உள்நாட்டுப் பயணத்துக்கென்று செய்த 747-400டி-யில் விங்லெட்டே கிடையாது. ஏறி இறங்கவே நேரம் சரியாகப் போய்விடும் தூரத்தில், அதைச் சுமப்பது கட்டுப்படியாகாது. அப்படியானால் 320-க்கு மட்டும் எதற்கு என்பீர்கள். காலையில் கோவை போய்வந்த விமானமே ராத்திரி வளைகுடாவுக்கும் போகலாமே.