ஐ.டி. கார்டு கையில் வந்தால் அதிகாரி ஆகிவிட முடியுமா?

கேள்வி: என் மகன் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். குற்றத் தடுப்பு, புலனாய்வு என்று நீளமாகப் பெயர் வைத்திருக்கும் ஓர் அமைப்பின் இணையதளத்தில், 'மாவட்டப் புலனாய்வு அதிகாரி' பதவிக்கு 5,500 ரூபாய் கட்டிவிட்டான். ஐ.டி. கார்டும் நியமன ஆணையும் தபாலில் வந்தன. இப்போது பயிற்சிக் கட்டணம் 18,000 கேட்கிறார்கள். மத்திய அரசில் பதிவு பெற்றது என்று நம்பரும் காட்டுகிறார்கள். கட்டலாமா? (ராஜபாளையம் வாசகர்)

பதில்: கட்டாதீர்கள். முதல் வேலையாக அந்தக் கார்டை மகனின் பர்ஸிலிருந்து எடுத்து பீரோவில் வையுங்கள். கோபத்தில் கிழித்துவிட வேண்டாம், அதுதான் நாளைக்குச் சாட்சி.

உங்களை மயக்கியது அந்தப் பதிவு நம்பர்தான். ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். டிரஸ்ட் பத்திரம் அதைவிடச் சுலபம். தொண்டு அமைப்புகளுக்காக நிதி ஆயோக் நடத்தும் தர்ப்பண் தளத்தில் எண் வாங்குவதும், சிறுதொழிலுக்கான உத்யம் சான்று வாங்குவதும் உட்கார்ந்த இடத்தில் முடிகிற காரியம். 'இப்படி ஒரு அமைப்பு இருக்கிறது' என்பதற்கு மேல் அவற்றுக்குப் பொருள் இல்லை. இட்லிக் கடைக்கும் உத்யம் சான்று கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு கடைக்காரர் யாரையும் விசாரிக்க முடியுமா? பெயரைப் பார்த்ததுமே பதிவு அலுவலகம் 'புலனாய்வு என்றால் என்ன வேலை?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், நீங்கள் எனக்கு எழுதவேண்டிய தேவையே இருந்திருக்காது. கட்டணம் சரியாக இருக்கிறதா என்பதோடு அவர்கள் கடமை முடிந்துவிடுகிறது.

2025 ஆகஸ்டில் நொய்டாவில், சர்வதேச போலீஸ், குற்றப் புலனாய்வு பீரோ என்று போர்டு மாட்டி அலுவலகம் நடத்திய ஆறு பேரைப் போலீஸ் கைது செய்தது. அவர்களும் இணையதளம் வைத்து நன்கொடை வசூலித்தவர்கள்தான்.

போன வருடம் என்னிடம் வந்த ஒருவர் இப்படிப்பட்ட கார்டை மேஜைமேல் வைத்தார். சிவப்பும் நீலமுமாகப் பட்டை, நடுவில் நான்முகச் சிங்கம், கழுத்துக்கு நாடா. டோல்கேட்டில் நீட்டப்போய் மாட்டிக்கொண்டார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், 'இது அடையாளத்துக்கு மட்டும், எந்த அதிகாரமும் வழங்காது' என்று இருந்தது. விற்றவன் தப்பிக்கப் போட்ட வரி அது. நீட்டியவருக்கு அப்படி வழி இல்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 204-ஆம் பிரிவின்படி, அரசு ஊழியர்போல நடித்து அந்த ஹோதாவில் எதையாவது செய்தால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை. அரசுச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதற்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு இருக்கிறது. அதில் அபராத உச்சவரம்பு 5,000 ரூபாய். உங்கள் மகன் கட்டிய தொகையைவிடக் குறைவு. பயப்படுவார்களா?

இனி, இவர்கள் பயிற்சி வகுப்பில் தவறாமல் எடுத்துவிடும் ஒரு வாதம். 'பொதுமக்களே கைது செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது' என்பார்கள். சொல்வது உண்மை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 43-ஆம் பிரிவாக இருந்தது, அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.எஸ்.) 40-ஆம் பிரிவு. ஆனால் எப்போது? ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத, போலீஸே வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தை ஒருவன் உங்கள் கண்ணெதிரே செய்ய வேண்டும். அல்லது அவன் நீதிமன்றம் அறிவித்த தலைமறைவுக் குற்றவாளியாக இருக்க வேண்டும். பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்தாக வேண்டும். நாமே விசாரிப்பது, வீட்டைச் சோதனை போடுவது, 'சமரசம்' பேசுவது எதுவும் அதில் கிடையாது. இந்த உரிமை உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு, பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அம்மாவுக்கும் உண்டு. அதற்கு 5,500 ரூபாய் கார்டு எதற்கு?

சரி, பணத்துக்கு வருவோம். சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள் அல்லது சைபர் குற்றங்களுக்கான மத்திய அரசுத் தளத்தில் புகார் பதியுங்கள். தளத்தின் முகவரி 'கவ் டாட் இன்' (gov.in) என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், தபால் உறை எல்லாம் பத்திரம். உள்ளூர் ஸ்டேஷனில், 'நீங்களாகக் கட்டியதுதானே, சார்?' என்பார்கள். 'டெல்லி முகவரி, அங்கே போய்க் கொடுங்கள்' என்றும் சொல்வார்கள். எந்த எல்லையில் நடந்தாலும் புகாரை வாங்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ்.ஸின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கையில் வராமல் ஸ்டேஷன் படியை விட்டு இறங்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. புகார் கொடுத்த சில நாளில், 'சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், பணத்தை மீட்டுத் தர 2,000 ரூபாய் கட்டுங்கள்' என்று ஒரு போன் வரலாம். உங்கள் நம்பர் அந்த மோசடிக்காரர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பேசாமல் வைத்துவிடுங்கள். மகனை இதில் சேர்த்துவிட்ட 'மாவட்ட ஒருங்கிணைப்பாளர்' உங்கள் தெருக்காரராகவே இருந்தாலும் அவர் பெயரையும் புகாரில் எழுதுங்கள். ஆள் பிடித்துக் கொடுத்தால் இவர்களுக்குக் கமிஷன் உண்டு.