பழைய குடும்பப் படங்களையும் பத்திரங்களையும் ஸ்கேனரில்தான் போட வேண்டுமா, போனில் எடுத்தால் போதாதா?

வாட்ஸாப்பில் உடனே அனுப்ப என்றால் போன் போதும். பேரப்பிள்ளைகள் காலம்வரை வைத்திருக்க என்றால் போதாது. போனில் எடுத்தால் ஓரம் வளையும், பளபளக்கும் தாளில் ட்யூப்லைட் விழும். ஸ்கேனரில் விளக்கு வரிவரியாக நகர்ந்து வருவதால் படம் முழுக்க ஒரே வெளிச்சம் கிடைக்கும். போன வருஷம் எங்கள் வீட்டில் 300 படங்களும் ஒரு கட்டுப் பத்திரங்களும் ஸ்கேன் செய்தேன். அதில் கற்றதைச் சொல்கிறேன்.

படங்களுக்கு 600 டிபிஐ வையுங்கள், அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி. 4க்கு 6 அங்குலப் படம் 2400க்கு 3600 பிக்சலாக வரும். தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்தால் சுமார் 26 எம்பி. பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு மட்டும் 1200 வைக்கலாம். அதற்கு மேல் போனால் கோப்பு பெருக்குமே தவிர, காகிதத்தில் இல்லாத விவரம் வந்துவிடாது. ஷார்ப்பன், கலர் திருத்தம் என்று மென்பொருள் தானாகச் செய்வதையெல்லாம் அணைத்துவிடுங்கள். திருத்துவதை அப்புறம் நகலில் செய்துகொள்ளலாம். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே எடுங்கள். கலர்ப் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்காக, அதாவது சேனலாக, பதிவாகும். மஞ்சள் கறை நீலச் சேனலில்தான் அழுத்தமாகத் தெரியும். சிவப்புச் சேனலை மட்டும் பிரித்தெடுத்தால் கறை பெருமளவு மறைந்துவிடும்.

சொரசொரப்பான பட்டுத் தாளில் அச்சிட்ட கல்யாணப் படங்கள்தான் படுத்தும். ஒவ்வொரு மேடும் ஒரு வெள்ளைப் புள்ளியாக மின்னும். நேராக ஒருமுறை, தலைகீழாகத் திருப்பி ஒருமுறை எடுத்து, இரண்டாவதைப் படம் திருத்தும் மென்பொருளில் நிமிர்த்தி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, கீழே உள்ளது பாதி தெரியும்படி மேலடுக்கை 50 சதவீத ஒபாசிட்டியில் வையுங்கள். புள்ளிகள் நன்றாகவே அடங்கும்.

பத்திரங்களுக்கு 300 டிபிஐ போதும், ஆனால் கலரில். முத்திரையின் நிறமும் கையெழுத்தின் மையும் தெரிய வேண்டும். பழைய முத்திரைத்தாள் ஸ்கேனரின் ஏ4 அளவுக் கண்ணாடிப் படுக்கையைவிட நீளம். மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டாக, நடுவில் நாலு விரல் அளவு இரண்டிலும் வரும்படி எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். தாள் மெல்லியதாக இருந்து பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால், மேலே ஒரு கறுப்புச் சார்ட் தாளை வைத்து மூடுங்கள். மடிப்பில் கிழிகிறது என்று பத்திரத்தை லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். அப்படி ஆன ஒன்று எங்கள் பத்திரக் கட்டுக்குள்ளும் இருந்தது. சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் இனி எடுக்க முடியாது.

என்னை அதிகம் கலங்கவைத்தது நிலைக்கு மேலே மாட்டியிருந்த அப்பத்தாவின் படம். மடியில் கைக்குழந்தையோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பல மழைக்காலத்து ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் பசையாகிவிடும். இழுத்திருந்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கியிருக்கும். உங்கள் வீட்டில் இப்படி இருந்தால் தயவுசெய்து பிரிக்காதீர்கள், கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள்.

கண்ணாடிமேல் அப்பத்தாவின் நெற்றிக்கு நேராகச் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. துடைக்கலாமா என்று அத்தையிடம் கேட்டேன். "துடைச்சுக்கப்பா, முடிச்சதும் நானே புதுசா வச்சுவிடுறேன்" என்றார். லேசாக நனைத்த துணியால் அந்த இடத்தை மட்டும் துடைத்தேன். அப்புறம் மரச்சட்டத்தைக் கழற்றினேன். சட்டத்தின் விளிம்பு இருந்தால் கண்ணாடி ஸ்கேனரில் படியாது.

முதல் முறை முகம் மங்கலாக வந்தது. என்னுடையது சிஐஎஸ் (CIS) என்ற உணரி உள்ள, மெல்லிய வகை ஸ்கேனர். படுக்கையை ஒட்டியிருப்பதை மட்டுமே கூர்மையாகப் பிடிக்கும். சட்டக் கண்ணாடியின் 2 மில்லிமீட்டர் தடிமனே அதற்கு அதிகம். நண்பர் ஒருவரின் பழைய, சிசிடி (CCD) என்ற வேறு உணரி உள்ள ஸ்கேனரை இரவல் வாங்கி வந்தேன். தடியானது, மெதுவானது, ஆனால் சற்றுத் தள்ளியிருப்பதும் அதில் தெளிவாக விழும். அப்பத்தாவின் தண்டட்டியும் சேலையின் கட்டமும் திரையில் ஒவ்வொரு கோடாக வந்தபோது அத்தை எழுந்து கிட்டே வந்துவிட்டார். புதிதாக வாங்குவதாக இருந்தால் இந்த வித்தியாசத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சட்டத்தைக் கழற்றியதில் இன்னொன்றும் கிடைத்தது. பின் அட்டையை எடுத்ததும் படத்தின் முதுகில் பென்சிலில் தாத்தாவின் எழுத்து: "பிலவங்க தை". பிலவங்க என்பது தமிழ் வருஷத்தின் பெயர். கணக்குப் போட்டால் 1968 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள். மடியில் இருப்பது அப்பா என்றுதான் இத்தனை நாளும் வீட்டில் எல்லோரும் சொல்லிவந்தோம். அப்பா பிறந்தது 1970. அந்தக் குழந்தை பெரியப்பா. அன்றைக்கே அவருக்குப் போன் போட்டுப் படத்தை அனுப்பினேன்.

அதனால் முன்பக்கம் முடிந்த கையோடு பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்துவிடுங்கள், எழுத்து இருக்கிறதோ, ஸ்டுடியோ முத்திரை மட்டும்தானோ. நான் 012-முன், 012-பின் என்று ஒரே எண்ணில் பெயர் வைக்கிறேன்.